வேரைத் தேடி ஒரு பஸ் டூர்

அயர்லாந்துல பூர்வீகம் உள்ள அமெரிக்கர்களுக்குன்னே நடக்குற குரூப் டூர்களைப் பத்தி ரொம்ப நாளா ஒரு கடுப்பு. இன்னிக்கு கொட்டித் தீர்த்துடறேன் மக்களே.

பொதுவா பிளான் இப்படித்தான் இருக்கும். டப்ளின்ல இறங்கி பஸ் ஏறணும். மோஹர் பாறைகள், ரிங் ஆஃப் கெர்ரி, பிளார்னி கோட்டையில மல்லாந்து படுத்து கல்லுக்கு ஒரு முத்தம், ராத்திரி பப்ல பாட்டு. அழகான இடங்கள்தான், இல்லேங்கல. ஆனா ஒரு ஜெர்மன்காரர் போனாலும் இதே பஸ், இதே கல்லுதானே? இதுல வேர் எங்க சாமி இருக்கு?

1845ல உருளைக்கிழங்குல நோய் விழுந்து வந்த பஞ்சத்துல சுமார் 10 லட்சம் பேர் இறந்து போனாங்க. இன்னொரு 10 லட்சத்துக்கும் மேல கப்பலேறினாங்க. 1841ல 80 லட்சத்தைத் தாண்டியிருந்த அந்தத் தீவோட ஜனத்தொகை இன்னிக்கு வரைக்கும் அந்த அளவைத் தொடல. அப்படிப் போனவங்க வாரிசு தேடி வர்றது கோட்டையை இல்ல. 'டவுன்லேண்ட்'னு சொல்ற, மேப்புல சட்டுனு சிக்காத ஒரு துண்டு நிலத்தை. பஸ்ல நாப்பது பேர் இருந்தா நாப்பது டவுன்லேண்ட். ஒரே பஸ் எங்கேன்னு போகும்?

தேடுறதும் லேசு இல்ல. 1922 ஜூன்ல, உள்நாட்டுப் போர்ல டப்ளின் ஆவணக் காப்பகம் எரிஞ்சப்போ 1821லேர்ந்து 1851 வரைக்குமான சென்சஸ் பெரும்பாலும் சாம்பல். (பேக்கப் இல்லாத சர்வர்! நம்ம பொட்டிதட்டற ஆளுங்களுக்கு வயித்தைக் கலக்கும்.) வேற இடங்கள்ல இருந்த நகல்களைத் தேடிப் பிடிச்சு, சரியா நூறு வருஷம் கழிச்சு 2022ல முடிஞ்ச அளவு அதைத் திரும்பக் கட்டி இணையத்துல திறந்து வச்சாங்க. 1901, 1911 சென்சஸும், பழைய கத்தோலிக்க சர்ச் பதிவேடுகளும் இலவசமாவே இணையத்துல கிடைக்குது.

2013ல 'தி கேதரிங்'னு புலம்பெயர்ந்தவங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு அரசாங்கமே வருஷம் பூரா விழா எடுத்துச்சு. அதுக்கு முன்னாடியே, இது பணம் கறக்குற வேலைன்னு நடிகர் கேப்ரியல் பைர்ன் பொரிஞ்சு தள்ளினார். எனக்கு அதுல பாதிதான் உடன்பாடு. காசு வாங்கட்டும், சின்ன ஊர்களுக்கு அது தேவை. ஆனா வேர்னு சொல்லி வித்தா வேரைக் காட்டணும்ல?

ரெண்டு நாள் பஸ்ஸை நிறுத்துங்கப்பா. ஒரு நாள் டப்ளின் தேசிய நூலகத்துல உக்காந்து தேடட்டும். மறுநாள் ஆளுக்கொரு வாடகைக் காரோ, உள்ளூர் ஆள் துணையோ குடுத்து அவங்கவங்க ஊருக்கு அனுப்புங்க. அங்க இடிஞ்ச சுவர் ஒண்ணுதான் மிச்சம் இருக்கும்னாலும் சரி.