கண்ணினுள் ஓடும் குருதி

உடலைக் கீறாமலே நாடிகளையும் நாளங்களையும் தெளிவாகக் காணத்தக்க இடம், கண்ணின் பின்புறத்து விழித்திரையாகும். 1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்ட கண்நோக்குக் கருவி அதனைக் காட்டிற்று. ஆயினும், குருதி எவ்வாறு ஓடுகின்றது, எங்கே கசிகின்றது என்பன அதனாற் புலப்படவில்லை.

அவ்வழியைத் திறந்தோர் பேராசிரியர்கள் அல்லர். அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவரான நோவொட்னியும் அல்விசும் ஆவர். அல்விசின் கைநாளத்திலேயே புளோரசீன் என்னும் சாயத்தை ஏற்றி, நீல ஒளியில் அவர் கண்ணைப் படமெடுத்தனர். பத்துப் பதினைந்து விநாடிகளிற் கண்ணை அடையும் அச்சாயம், நீல ஒளி பட்டதும் பசுமஞ்சளாய் ஒளிரும். கண் மருத்துவ ஏடொன்று ஏற்க மறுத்த அவர்தம் கட்டுரை, 1961இல் இருதய மருத்துவ ஏடொன்றில் வெளியாயிற்று. மாணவர் எழுத்தென்றால் அப்படித்தான் போலும்!

இன்று சாயமின்றியே, ஒரே இடத்தை ஒளியால் அடுத்தடுத்து அளந்து, அசையும் குருதியை மட்டும் பிரித்துப் படமாக்கும் கருவிகள் உள்ளன. எனினும் கசிவை அவை காட்டமாட்டா. அதற்குச் சாயமே வேண்டும். நீரிழிவு உடையோரின் பார்வையைக் கெடுப்பனவற்றுள் அக்கசிவு முதன்மையானது. பார்வை தெளிவாயிருக்கும்போதே அது தொடங்கிவிடலாம். ஆகையாற் பார்வையில் குறையில்லையென்று நாம் வாளாவிருத்தல் தகாது.

சாயம் ஏற்றியபின் ஓரிரு நாள் தோலும் சிறுநீரும் மஞ்சளாகத் தோன்றும். அது காமாலையன்று, அஞ்சவேண்டா.