குழம்பில் காரம் கூடிவிட்டதா?



சொந்த ஊரை விட்டு மும்பையிலோ டெல்லியிலோ புதிதாகக் குடித்தனம் தொடங்கும் பெண்களில் பலர் முதல் மாதத்திலேயே செய்யும் தவறு ஒன்று உண்டு. நானும் அதைச் செய்தேன். மும்பைக்கு வந்த புதிதில், என் கணவருடன் பணிபுரியும் இருவரை விருந்துக்கு அழைத்திருந்தோம். ஊரில் அம்மா போடும் அதே கணக்கில் மூன்று கரண்டித் தூளைக் கோழிக்குழம்பில் இட்டேன். முதல் கவளத்திலேயே விருந்தினரின் கண்கள் கலங்கின. அவர்கள் குறை ஏதும் சொல்லவில்லை. சாதத்தில் தயிரை ஊற்றி உண்டுவிட்டு எழுந்தார்கள். அதுவே எனக்குப் பெரிய வேதனையாயிற்று.

தவறு அளவில் அன்று, தூளில் இருந்தது. நம் ஊரில் நாம் பயன்படுத்துவது மல்லி, சீரகம், மிளகு ஆகியவற்றை மிளகாயுடன் சேர்த்து மில்லில் திரித்த குழம்புத்தூள். அதில் பெரும்பாலும் மல்லியே மிகுதி. இங்கே கடைகளில் 'லால் மிர்ச்' என்று தருவதோ தனி மிளகாய்த்தூள். அதிலும் குண்டூர் மிளகாய் காரம் மிகுந்தது; காஷ்மீரி மிளகாயும் கர்நாடகத்தின் பேடகி மிளகாயும் நிறம் தருமேயன்றி அத்தனை காரம் தருவதில்லை. ஆகவே புதிய கடையில் வாங்கிய தூளை முதன்முறை அரைக்கரண்டி மட்டும் இட்டுச் சுவை பாருங்கள்.

மிளகாயின் எரிச்சலுக்குக் காரணம் காப்சைசின் என்னும் பொருள். அது விதையில் இருப்பதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மையில் விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிறச் சதையிலேதான் மிகுதியாய் இருக்கிறது. அது தண்ணீரில் எளிதில் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால், காரம் கூடிய குழம்பைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

முதலாவது, அடுப்பை அணைத்துச் சற்றுநேரம் விடுங்கள். மேலே மிதக்கும் சிவந்த எண்ணெயில்தான் காரம் தங்கியிருக்கும். அதைக் கரண்டியால் வழித்து ஒரு கிண்ணத்தில் எடுத்துவையுங்கள். மறுநாள் பொரியலுக்குத் தாளிக்க உதவும்.

இரண்டாவது, கோழி, மீன் குழம்புகளில் கெட்டித் தேங்காய்ப்பாலை இறுதியில் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்குங்கள். கொதிக்க விட்டால் திரிந்துவிடும். தேங்காய் விலை அதிகமாயிருந்தால், பத்து முந்திரிப்பருப்பை வெந்நீரில் ஊறவைத்து அரைத்துச் சேர்க்கலாம். புளியில்லாத குருமா வகைகளுக்குக் கடைந்த தயிரைத் தணலைக் குறைத்துச் சிறிது சிறிதாகக் கலக்கலாம்.

மூன்றாவது, சாம்பாரென்றால் வெந்த பருப்பை மசித்துச் சேருங்கள். புளிக்குழம்பென்றால் சின்ன வெங்காயமும் தக்காளியும் தனியே வதக்கிச் சேர்த்து, சிறு துண்டு வெல்லம் இடுங்கள். வெல்லம் காரத்தை நீக்குவதில்லை. நாவுக்கு அதைத் தணித்துக் காட்டும், அவ்வளவே.

உருளைக்கிழங்கு காரத்தை உறிஞ்சிவிடும் என்பார்கள். அது குழம்பின் சாற்றைத்தான் உறிஞ்சும். காரத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்காது. எனினும் குழம்பின் அளவு கூடுவதால் காரம் பரவலாகும். வெறும் தண்ணீரை ஊற்றினால் குழம்பு நீர்த்துச் சுவை கெடும். எதைச் சேர்த்தாலும் இறுதியில் உப்பைச் சரிபாருங்கள். காரம் மிக அதிகமாயிருந்தால், மிளகாயே இல்லாமல் இன்னொரு பங்கு குழம்பு கூட்டி இரண்டையும் கலப்பதே நல்ல வழி.

சூட்டை உணரும் அதே நரம்புகளே மிளகாயின் எரிச்சலையும் உணர்கின்றன. இதற்கான உணர்வியை டேவிட் ஜூலியஸ் என்னும் அறிஞரின் குழு 1997-இல் கண்டறிந்தது. 2021-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சூடான குழம்பு கூடுதலாய்க் காரம் காட்டுவது இதனால்தான். பிள்ளைகளுக்கு ஆறவைத்தே பரிமாறுங்கள். வாய் எரிந்து அழும் குழந்தைக்குத் தண்ணீரைவிடப் பாலோ தயிரோ நல்லது. பாலின் புரதம் எரிச்சல் தரும் பொருளைப் பற்றிக்கொள்ளும். மிளகாய் நறுக்கிக் கை எரிந்தால், முதலில் தேங்காயெண்ணெய் தடவி, பின்பு சோப்பிட்டுக் கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொடாதீர்கள்.

"சாப்பிட்டுப் பழகட்டும்" என்று சின்னப் பிள்ளைகளையும் வயிற்றுப்புண் உள்ள பெரியவர்களையும் வற்புறுத்த வேண்டாம். தூள் போடுமுன் அவர்களுக்குரிய பங்கைத் தனியே எடுத்துவைக்க ஒரு நிமிடம் போதும். காரம் வேண்டுவோருக்கு மேசையில் ஊறுகாய் இருக்கிறது.

அந்த இரு விருந்தினரையும் சில மாதங்களுக்குப்பின் மீண்டும் அழைத்தோம். தயங்கியே வந்தார்கள். அன்று தேங்காய்ப்பால் சேர்த்த அதே கோழிக்குழம்பை வைத்தேன். இருவரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டார்கள். தயிர்ப் பாத்திரம் தொடப்படாமலே இருந்தது.