உரிமக் கட்டணம் வாங்குகிறார்கள், ஒரு தாள் தருவதில்லை



செல்லப்பிராணி வளர்ப்பவர்கள் உரிமம் எடுக்க வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும், தவறினால் அபராதம் என்று எங்கள் மாநகராட்சி கறாராக இருக்கிறது. இருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த வாயில்லா ஜீவனுக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று தமிழில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லையே!

எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பூனைக்கு உடம்பு சுட்டது. மருந்துக்கடையில் கேட்டதற்கு, "கால் மாத்திரை பாராசிட்டமால் பொடி பண்ணிப் பால்ல கலந்து குடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பூனையின் கல்லீரலுக்கு அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. மறுநாள் ஈறு காப்பிப்பொடி நிறத்துக்கு மாறி, முகம் வீங்கி, மூச்சிரைத்தது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் திணறுவதன் அடையாளம் அது. இந்த விஷத்துக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு. நேரத்தோடு கொடுத்தால்தான் பலன். அந்தப் பூனை பிழைக்கவில்லை. கடைக்காரரைத் திட்டித் தீர்த்தார்கள். அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த இடைவெளியில்தான் யூடியூப் வைத்தியர்கள் கடை விரிக்கிறார்கள். பேசுபவர் கால்நடை மருத்துவரா, குட்டி விற்பவரா என்று கடைசிவரை தெரியாது. முடிவில் ஒரு பவுடர் டப்பாவைத் தூக்கிக் காட்டும்போதுதான் சங்கதி புரியும். நாய்க்கு உண்ணிக் காய்ச்சலா, பப்பாளி இலைச்சாறு போதும் என்கிறார் ஒருவர். காய்ச்சலுக்குக் காரணம் எர்லிக்கியா கிருமி என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் டாக்சிசைக்ளின் மருந்தை ஏறத்தாழ நான்கு வாரம் கொடுக்க வேண்டும். சாற்றை நம்பி நாளைக் கடத்துபவர்கள் கடைசி நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

சொல்லத் தெரிந்தவர்கள் இல்லாத ஊரா இது? சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய ஆண்டு 1903. கால்நடைகளுக்கென்றே 1989 முதல் ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது. எங்கள் பகுதி கால்நடை மருந்தகச் சுவரில் கோமாரி பற்றியும் கோழிக்கழிச்சல் பற்றியும் படத்தோடு எழுதிப் போட்டிருக்கிறார்கள், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய் எச்சரிக்கை ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. கடித்துவிடும் என்கிற பயம் இருக்கிற அளவுக்கு, அதற்கும் நோய் வரும் என்கிற நினைப்பு இல்லை போலும்.

பல்கலைக்கழக மருத்துவர்கள் சரிபார்த்த ஒரு தாள், உரிமம் தரும் இடத்திலும் தடுப்பூசி போடும் இடத்திலும் மருந்துக்கடைகளிலும் கிடைக்க வேண்டும். நடு ராத்திரியில் கேட்பதற்கு, மருத்துவரே பேசும் ஒரு தொலைபேசி எண் அதில் இருக்க வேண்டும். அடுத்த உரிமப் புதுப்பிப்புக்குள் இதைச் செய்வது பெரிய காரியமல்ல. மனிதர்களுக்கான மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள் என்பதை அந்தத் தாளின் முதல் வரியாகக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி