வளைந்த கோல்

"பையன் ஆட்டத்திலேயே பொழுதைப் போக்குகிறான், கொஞ்சம் கண்டித்து வையுங்கள்" என்று யாரேனும் ஒரு தகப்பனார் நம்மிடம் வந்து முறையிடாத வாரம் இல்லை. நாமும் உபாத்தியாயர் முகத்தைச் சற்றுக் கடுமையாக்கிக் கொண்டு, "ஆகட்டும், கவனிக்கிறோம்" என்று பதில் சொல்லி அனுப்புவது வழக்கம். ஆனால் சில நாட்களாக அந்தப் பதிலை அத்தனை சுலபமாகச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஓரத்தில் ஒரு தீவு இருக்கிறது. அங்கே பெரியவர்கள் பிள்ளைகளை ஆட்டத்திலிருந்து இழுத்து வரவில்லை. மறந்துபோன ஓர் ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்பதற்காக வருஷக் கணக்கில் பாடுபட்டிருக்கிறார்கள். அந்த விருத்தாந்தத்தைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

தேசப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையைப் பாருங்கள். உடைந்த பாத்திரத்தின் சில்லுகளைப் போலச் சிதறிக் கிடப்பவை ஹெப்ரிடீஸ் தீவுகள். அவற்றில் வடகோடியில் இருப்பது லூயிஸ். ஸ்டோர்னோவே என்ற துறைமுகப் பட்டணம் ஒன்று. மற்றவையெல்லாம் கடலோரக் கிராமங்கள். ஜனத்தொகை சுமார் 20,000. ஓயாத காற்று; மரம் அதிகம் இல்லை. நிலத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி உலர்த்தி அடுப்பெரிப்பார்கள். மக்களின் பழைய பாஷை கேலிக். ஆங்கிலத்துக்கும் அதற்கும் உள்ள உறவு மிக மிகத் தூரத்து உறவு.

அந்தக் கேலிக் மக்களின் ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஷிண்டி என்று பெயர். அவர்கள் பாஷையில் கமனக் என்பார்கள். ஆடுகிற கோலுக்குக் கமன் என்று பெயர். 'கம்' என்றால் வளைந்தது என்று பொருள். நேயர்கள் இதைக் குறுகலாகவே உச்சரிக்க வேண்டும். நீட்டிக் 'காமன்' என்று சொல்லிவிட்டால் கரும்பு வில்லுக்குச் சொந்தக்காரர் வந்து வழக்காடுவார்!

ஹாக்கி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஷிண்டியை ஒருவாறு ஊகித்துக் கொள்ளலாம். ஆனால் இது அதைவிட வேகமும் துணிச்சலும் மிகுந்தது. ஒரு கட்சிக்கு 12 பேர். ஹாக்கியில் கோலின் ஒரு பக்கத்தால்தான் பந்தை அடிக்கலாம்; இங்கே இரு பக்கமும் செல்லும். பந்து தரையில் உருண்டாலும் சரி, தலைக்கு மேல் பறந்தாலும் சரி, கோலை ஓங்கி அடிக்கலாம். பந்தைக் கையால் தொடும் உரிமை காவற்காரர் ஒருவருக்கே உண்டு. அவரும் உள்ளங்கையால் தட்டி விடலாமே ஒழியப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஆட்டம் தொடங்கும்போது இரு கட்சியிலிருந்தும் ஒவ்வொருவர் முன்வந்து, தலைக்கு மேலே கோல்களைக் குறுக்காக ஏந்தி நிற்பார்கள். மத்தியஸ்தர் அவர்களுக்கு மேலே பந்தை வீசி எறிவார். அப்புறம் 90 நிமிஷ நேரம் அவரவர் தலையை அவரவர்தான் காப்பாற்றிக் கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் பிற்காலத்தில் வந்தது. முற்காலத்தில் ஆளுக்கும் அளவில்லை, நேரத்துக்கும் அளவில்லை. வருஷப் பிறப்பு அன்று ஓர் ஊர் முழுவதும் மற்றோர் ஊருக்கு எதிராகக் கடற்கரை மணலிலோ புல்வெளியிலோ இறங்கும். இருட்டுகிற வரையில் ஆடுவார்கள். பழைய பஞ்சாங்கத்தை விடாத ஊர்களில் ஜனவரி 12ஆம் தேதிதான் அந்த நாள்.

லூயிஸுக்கும் அப்பால், நடுக்கடலில் தனித்து நிற்பது செயிண்ட் கில்டா என்னும் சிறு தீவு. 1697ஆம் வருஷத்தில் மார்ட்டின் மார்ட்டின் என்பவர் அங்கே போய் வந்து ஒரு புத்தகம் எழுதினார். அவரும் ஹெப்ரிடீஸ்காரரே, கேலிக் பேசுகிறவர். அந்தத் தீவார் குட்டைக் கோலும் மரப் பந்தும் கொண்டு மணலில் ஆடியதை அவர் வர்ணித்திருக்கிறார். பணயம் என்ன தெரியுமா? கடற்பறவை முட்டை, பறவை, தூண்டில் முள், புகையிலை! ஜயிக்கும் ஆவலில் மேலுடைகளைக் களைந்துவிட்டு உட்சட்டையோடு ஓடுவார்களாம். மரமில்லாத தேசத்தில் கோலுக்கு என்ன செய்வது? யூயிஸ்ட் தீவில் தடித்த கடற்பாசித் தண்டையே கோலாகப் பிடித்து ஆடினார்கள். ஆசை இருக்கிற இடத்தில் கடலே கோல் கொடுக்கும் போலிருக்கிறது.

இப்படிப்பட்ட ஆட்டம் தீவுகளில் ஏன் அழிந்தது? ஒருவர் கொன்றார் என்று சொல்ல முடியாது; பலர் சேர்ந்து பட்டினி போட்டார்கள். ஸ்காட்லாந்தின் பெருநிலத்தில் அதே காலத்தில் ஷிண்டி ஒழுங்கு பெற்றது. 1893இல் கிங்யூஸி என்ற ஊரில் கூடி ஒரு சங்கம் அமைத்து விதிகளை வகுத்தார்கள். 1896இல் முதல் வெற்றிக் கோப்பைக்கான இறுதிப் பந்தயமும் நடந்தது. லூயிஸ் போன்ற தீவுகளிலோ கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய தீவிரமான மதப் பிரசாரம் ஆடல் பாடல்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. 1872ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம் பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தது. அவர்களுடைய பாஷைக்கு அங்கே இடம் ஒதுக்க மறந்தது. பின்னால் கால்பந்து வந்தது. அதற்குக் கோல்கூட வேண்டாம்.

அதன் பின் யுத்தம் வந்தது. 1914இல் கோப்பைக்காகப் போராடிய இளைஞர்களில் பலர் திரும்பி வரவில்லை. லூயிஸுக்கு விதி இன்னும் கொடுமையான ஒன்றை வைத்திருந்தது. யுத்தம் முடிந்து, 1918 டிசம்பர் 31ஆம் தேதி இரவு, தீவின் கடற்படை வீரர்களை ஏற்றிக்கொண்டு 'அயோலேர்' என்ற கப்பல் புறப்பட்டது. 1919 ஜனவரி முதல் தேதி விடியற்காலையில், ஸ்டோர்னோவே துறைமுகத்தின் வாயிலில், கரைக்கு மிக அருகில், அது பாறையில் மோதிற்று. கப்பலில் இருந்த சுமார் 280 பேரில் 200க்கு மேற்பட்டவர் மாண்டனர். நான்கு வருஷ யுத்தத்தில் பிழைத்தவர்கள் வீட்டு விளக்கு தெரிகிற தூரத்தில் மூழ்கினார்கள். எந்த நாளில் ஊர் கூடிக் கோல் பிடித்து ஆடிற்றோ அந்த வருஷப் பிறப்பு, அன்றிலிருந்து அந்தத் தீவில் துக்க நாளாயிற்று. 1923இல் 'மெட்டகாமா' என்ற கப்பல் சுமார் 300 பேரைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்றது. பெரும்பாலோர் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். ஆடுகிறவர்கள் கடலுக்கு அடியிலும் கடலுக்கு அப்பாலும் போய்விட்டால் ஆட்டம் எப்படி நிற்கும்? செயிண்ட் கில்டாவின் கதை அதைவிடச் சுருக்கம். 1930 ஆகஸ்டு 29ஆம் தேதி அங்கே மிஞ்சியிருந்த 36 பேரும் கப்பலேறினார்கள். மணல் மட்டும் இருக்கிறது.

இங்கே நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு புத்தகம் நூறு வருஷம் பெட்டிக்குள் கிடந்தாலும் திறந்தவுடன் பேசும். ஆட்டத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கோலை எப்படிப் பிடிப்பது, பறக்கும் பந்துக்குத் தோளை எப்படித் திருப்புவது, எதிரியின் கோல் மண்டையில் படாமல் எத்தனை நெருங்கி நிற்பது என்பவை ஏட்டில் எழுதி வைக்கக்கூடியவை அல்ல. தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போக வேண்டியவை. ஒரு தலைமுறை இடையில் அறுந்தால் சங்கிலி போயிற்று.

லூயிஸில் அறுந்த சங்கிலியை மறுபடி கோத்தவர்கள் அதனால் ஒரு காரியம் செய்தார்கள். தங்கள் கிழவர்களிடம் இல்லாததை அயலாரிடம் கற்றுக்கொண்டார்கள். 1990களில் தொடங்கிய முயற்சி, பெருநிலத்து விதிகளை ஏற்றுக்கொண்டது. கோல், கடற்பாசித் தண்டு அல்ல. ஹிக்கரி என்னும் உறுதியான மரத்தில் செய்தது. பந்து, தக்கையின் மேல் கம்பளி நூல் சுற்றித் தோல் தைத்தது. பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்து, பெரியவர்களைச் சேர்த்து, சிநேக முறைப் பந்தயங்கள் ஆடி, 2011இல் லூயிஸ் கட்சி வட பகுதியின் தொடர் பந்தயங்களில் இடம் பெற்றது.

இரண்டு வரியில் எழுதிவிட்டோம். செய்தவர்களுக்கு அது அத்தனை சுலபமாக இருந்திராது. வெளியூரில் ஆட வேண்டுமானால் சனிக்கிழமை காலையில் கப்பலேறி, இரண்டரை மணி நேரம் அலைகளோடு போராடி, அல்லாபூல் துறையில் இறங்கி, மலைப் பாதையில் வண்டியில் போய், 90 நிமிஷம் ஓடி ஆடி, மறுபடி கப்பலைப் பிடிக்க வேண்டும். காற்று சம்மதிக்காவிட்டால் கப்பல் இல்லை. ஞாயிற்றுக்கிழமையைக் கடவுளுக்கென்றே ஒதுக்கி வைக்கிற தீவு அது. 2009 ஜூலை மாதம் வரையில் ஸ்டோர்னோவேயிலிருந்து அன்று கப்பலே விட்டதில்லை. இத்தனை சிரமத்துக்கும் பலன், பல சமயங்களில், தோல்வி! கிங்யூஸி போன்ற ஊர்களில் பிள்ளைகள் நடக்கும்போதே கோல் பிடிக்கிறார்கள். புதிதாகக் கற்றவர்கள் அவர்களுடைய தலைமுறைகளோடு ஆடுகிறார்கள். ஆனால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. பக்கத்து ஸ்கை தீவின் கட்சி 1990இல் முதன்முறையாகக் கோப்பையை வென்றது.

"கடன் வாங்கிய விதி, கடன் வாங்கிய கோல், இது அந்தப் பழைய ஆட்டம் ஆகுமா?" என்று ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். இதற்கு மற்றொரு தீவு வேறு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த கமக் என்ற ஆட்டம் இருந்தது. 1900ஐ ஒட்டி அது மறைந்தது. இப்போது அதைப் புதுப்பித்து, வருஷத்துக்கு ஒரு முறை, டிசம்பர் 26ஆம் தேதி, வடக்கத்தியாரும் தெற்கத்தியாரும் செயிண்ட் ஜான்ஸ் என்ற ஊரில் திருவிழாவாக ஆடுகிறார்கள். அது பழைய மணத்தைக் காக்கிற வழி. லூயிஸ் தேர்ந்தது வாரந்தோறும் வியர்வை சிந்துகிற வழி. இரண்டையும் மதிக்கிறோம். ஆயினும் உபாத்தியாயர் என்ற முறையில் நமது வாக்கு இரண்டாவதற்கே. பண்டிகை நாளில் மட்டும் உடுத்துகிற பட்டு வேஷ்டி அழகுதான். உடம்போடு ஒட்டுவது தினமும் கட்டுகிற வேஷ்டி. மேலும் பழைய ஷிண்டிக்கு ஒரே உருவம் எப்போது இருந்தது? ஓர் ஊரில் மரப் பந்து, மற்றோர் ஊரில் எலும்புப் பந்து. ஓரிடத்தில் மரக் கோல், மற்றோரிடத்தில் பாசித் தண்டு. மாறாமல் இருந்தது ஊர் கூடி ஆடியது ஒன்றுதான். கனடாவுக்குப் போன ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்தக் கோலாட்டத்தைப் பனிக்கட்டியின் மேலும் ஆடினார்கள். இன்று உலகமறிந்த ஐஸ் ஹாக்கியின் மூதாதைகளில் இதுவும் ஒன்று. மாறியதால் அது கெட்டுப் போகவில்லையே!

இதில் ஆட்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. 2011ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி ஸ்காட்லாந்து முழுவதிலும் கேலிக் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 57,000 பேர். பள்ளிக்கூடத்தில் ஒரு பாஷையைக் கற்பிக்கலாம்; பரீட்சையும் வைக்கலாம். ஆனால் "இங்கே அடி!", "விடாதே!", "பின்னால் பார்!" என்று மூச்சிரைக்கக் கத்துவதற்கு ஓர் இடம் வேண்டாமா? எண்ணிப் பார்க்க நேரமில்லாதபோது வாயிலிருந்து எது வருகிறதோ அதுவே ஒருவனுடைய பாஷை. மைதானத்தில் கேலிக் ஒலித்தால் அது பிழைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டோம். ஓர் ஆட்டம் ஒரு பாஷையைத் தனியே தூக்கி நிறுத்தாது. வீடும் தொழிலும் கைகொடுக்க வேண்டும். மான் தீவின் பாஷையைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 1974இல் காலமானார். 2001இல் அங்கே அந்தப் பாஷையிலேயே பாடம் சொல்லும் ஆரம்பப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. செத்தது என்று உலகம் எழுதி வைத்ததைக் குழந்தைகள் அடித்துவிடுவதும் உண்டு.

முக்கியமான வேறுபாடு மற்றொன்று. 2001இல் பெண்களுக்கென்று தனி ஷிண்டி சங்கம் தோன்றியது. பாட்டிமார் கரையில் நின்று பார்த்த ஆட்டத்தைப் பேத்திமார் நடுவில் இறங்கி ஆடுகிறார்கள். புதுப்பித்தல் என்பது பழைய குறைகளையும் சேர்த்துப் புதுப்பிப்பது அல்ல என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

மரமில்லாத தீவில், அலையோசைக்கு இடையே, தன் உயரத்துக்கு மிஞ்சிய கோலை ஏந்தி நிற்கிற ஒரு சிறு பையனை மனத்தில் நினைத்துப் பார்க்கிறோம். 1919க்குப் பின் அவன் வீட்டில் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். அவனுக்கு அதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பந்து வருகிறதா என்பதுதான் அவன் கவலை. அவன் அடிக்கிற ஓர் அடியில், நூறு வருஷத்துப் பள்ளம் ஒன்று தூர்ந்து போகிறது.

அடுத்த வாரம் அந்தத் தகப்பனார் மறுபடி வருவார். "பையன் ஆட்டத்திலேயே பொழுதைப் போக்குகிறான்" என்பார். "என்ன ஆட்டம்? யாரிடம் கற்றுக்கொண்டான்? உங்களுக்கு அது தெரியுமா?" என்று அவரைக் கேட்பதாக இருக்கிறோம். தெரியும் என்று சொன்னால், அன்று மாலை அவரையும் பையனோடு மைதானத்துக்கு அனுப்பி வைப்போம்.