காற்றும் பொழுதும் மீனும்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் எட்டாம் வகுப்பு மாணவரின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். கரையோரக் கிராமமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன், சோழகம் விட்டுக் கச்சான் எழும்பியபடியால் தன் தந்தையார் அன்று தொழிலுக்குப் போகவில்லை என எழுதியிருந்தான். யாம் 'கச்சான்' என்பதைச் சிவப்பு மையினாற் சுழித்து, 'இது நிலக்கடலை. காற்றின் பெயரன்று' என ஓரத்திற் குறித்தோம். 'சோழகம்' என்பதை வெட்டித் 'தென்றல்' எனத் திருத்தினோம். இரண்டு பிழைகளுக்கும் இரண்டு புள்ளிகளைக் குறைத்தோம்.

மறுநாள் அவன் கொப்பியுடன் எம் மேசையருகே வந்து நின்றான். "ஐயா, தென்றல் அடிச்சால் தோணி தாழாது, சோழகம் அடிச்சால் தாழும்" என்றான். வகுப்பு முழுவதுஞ் சிரித்தது, யாமுஞ் சிரித்தோம். வீடு சென்று அகராதியைப் புரட்டிய பின்னரே எம் சிரிப்பு அடங்கிற்று. அச்சொற்கள் இரண்டும் ஆங்கே காற்றின் பெயர்களாகவே நின்றன.

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென அன்பர்கள் கேட்டபோது இந்நிகழ்ச்சியே முதலில் நினைவுக்கு வந்தது. கல்லூரியின் புகழைப் பாடுவோர் பலர் உளர். கல்லூரி கற்பிக்கத் தவறிய ஒன்றைப்பற்றி எழுதுவதும் அதன்பாற் கொண்ட அன்பேயாகும் எனத் துணிந்தோம்.

நம் கடற்றொழிலாளர் காற்றுக்கு வழங்கும் பெயர்கள் நான்கு. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது சோழகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். இந்நான்கையும் இணைத்து இடைத்திசைகளுக்கும் அவர்கள் பெயர் கண்டனர். வடகீழ்க் காற்று வாடைக்கொண்டல். தென்மேல் காற்று சோழகக்கச்சான். நான்கு சொற்களால் எட்டுத் திசைகளையும் அளந்த இச்சொல்லாக்கத்தை எந்தக் கலைச்சொற் குழுவும் இருந்து செய்யவில்லை. பாய் விரித்து உயிர்பிழைக்க வேண்டியவர்கள் செய்தார்கள்.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டார். பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது என இருவகைப்படுத்துவர் இலக்கண நூலார். இப்பாகுபாட்டை யாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகின்றோம். எழுதிய நாளெல்லாம் அது பாட்டுக்குரிய இலக்கணம் என்றே கருதியிருந்தோம். மீன்பிடித் தொழிலின் இலக்கணமும் அதுவே என்பதைக் கடற்கரையிற்றான் கற்றோம்.

முதலிற் பெரும்பொழுதைக் காண்போம். நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியன என்று வகுப்பிற் சொல்லுகின்றோம். கடலை நம்பி வாழ்பவனுக்கோ ஒவ்வொரு பருவமும் ஒவ்வொரு கரைக்கு உரியது. ஐப்பசி முதல் தை வரையில் வாடை வலுக்க, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை முதலிய வடகரைகளில் அலை உயரும். வைகாசி முதல் புரட்டாதி வரையில் சோழகம் வலுக்க, தீவுப்பகுதியும் பாக்குக்குடாவும் கொந்தளிக்கும்; அக்காலத்தில் முல்லைத்தீவுக் கரை பெரும்பாலும் அடங்கியிருக்கும். இதனாலன்றோ கரைவலைத் தொழிலாளர் பருவந்தோறும் வாடி மாற்றி இடம்பெயர்ந்தனர்! பாக்குக்குடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கு உட்பட்ட ஆழமே உடையது. ஆழங் குறைந்த அக்கடலைக் காற்று எளிதிற் கலக்கிவிடும். நீர் கலங்கினால் மீனின் நடமாட்டம் மாறும்; வலையும் இடமும் அதற்கேற்ப மாறவேண்டும். மாரிமழையின் நன்னீர் யாழ்ப்பாணக் கடனீரேரியிற் கலந்து உப்பைக் குறைக்கும்போது, அங்கு வளர்ந்த இறால்கள் வெளிக்கடலை நோக்கி நகரும். மழையை உழவன் மட்டும் பார்த்திருப்பதில்லை என்பது இதனாற் புலனாகும்.

இனிச் சிறுபொழுது. கடனீர் ஏறுதலும் வற்றுதலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ இருமுறை நிகழும்; அவ்வேளை நாடோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்திவரும். அமாவாசையையும் பறுவத்தையும் அடுத்த நாள்களில் வற்றுப்பெருக்கு மிகும். அட்டமியை அடுத்த நாள்களிற் குறையும். கடனீரேரியிற் கட்டப்படும் சிறகுவலை இந்நீரோட்டத்தை நம்பியே நிற்கின்றது. நீரோடும் மீனும் இறாலும் சிறகுகளின் வழியே சென்று உள்ளே அகப்படும். நிலவு எறிக்கும் இரவில் மீன் வலையைக் கண்டு விலகும் என்பர். விளக்கொளி காட்டி மீனைக் கூட்டுவோரும் இருளையே விரும்புவர். ஆகவே எந்நாள், எந்நாழிகை, எக்காற்று என்னும் மூன்றும் பொருந்தினாலன்றி வலை நிறையாது. பஞ்சாங்கத்தை நாம் சுபகாரியத்துக்குப் பார்க்கின்றோம். அவர்கள் சோற்றுக்குப் பார்க்கின்றார்கள்.

'வானொலியுங் கைத்தொலைபேசியும் வந்துவிட்ட இக்காலத்தில் இப்பழங்கதை எதற்கு?' என வினவுவோர் உளர். அவ்வினாவை யாம் புறக்கணிக்கவில்லை. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 22, 23ஆந் திகதிகளில் வீசிய சூறாவளி நம் வடபுலத்தைத் தாக்கி, அக்கரையில் தனுஷ்கோடியை அழித்தது. அடிவானத்துக்கு அப்பால், வங்கக்கடலிற் கருக்கொள்ளும் புயலைக் கரையில் நின்று முகத்திற் படும் காற்றைக்கொண்டு மட்டும் முன்கூட்டி அறிதல் அரிது. ஆதலின் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையைக் கேளாது கடலேறுதல் பேதைமையாகும். ஆயினும், காங்கேசன்துறை வரையுள்ள கடற்பரப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லப்படும் அவ்வறிவிப்பு, குறித்த ஒரு வாய்க்காலில் நீர் எப்பொழுது திரும்பும் என்பதைச் சொல்லமாட்டாது. வானொலி தென்மேல் திசை என்று கூறும்போது சோழகக்கச்சான் எனப் பொருள்கொண்டு, அதனால் தன் துறைக்கு நேர்வது யாது என்று எண்ணிப் பார்ப்பவனுக்கே அவ்வறிவிப்பு முழுப்பயன் தரும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. இரண்டும் இரு கண்கள்.

எமது கவலைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. போர்க்காலத்தில் வடகடலில் மீன்பிடிக்குப் பலவகைக் கட்டுப்பாடுகள் இருந்தன. இரவுத்தொழிலும் நெடுங்காலந் தடைப்பட்டிருந்தது. தந்தையோடு இரவிற் சென்று, விண்மீனையும் நீரோட்டத்தையும் பார்த்துப் பழகவேண்டிய வயதிற் பிள்ளைகள் கரையில் இருந்தார்கள். 2009இற் போர் முடிந்தபின் கடல் படிப்படியாகத் திறந்தது. தவறிப்போன பாடம் தானாகத் திரும்பி வரவில்லை. அப்பாடத்தை அறிந்த முதியோர் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். பருவமழை முந்தியும் பிந்தியும் பெய்து காலம் பிசகும் ஆண்டுகளில், முன்னைய முறை யாதென ஒப்புநோக்கவேனும் அவர்களது அறிவு பதிவாகியிருத்தல் வேண்டாமா?

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. கல்லூரியின் மேல்வகுப்பு மாணவர் சிலர் ஓராண்டு முழுவதும் வாரம் ஒருமுறை ஒரு துறைக்குச் சென்று, வீசிய காற்றின் பெயர், பிறைநாள், நீர் ஏறிய வேளை, அகப்பட்ட மீன் ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வந்தாற் போதும். புவியியல் ஆசிரியர் அதனைத் திணைக்களத்தின் அறிவிப்போடு ஒப்பிடுவார். விஞ்ஞான ஆசிரியர் காரணம் விளக்குவார். தமிழாசிரியர் சொற்களைத் தொகுப்பார். பழைய மாணவர் சங்கம் அதனை அச்சேற்றித் தரலாம். கட்டடங்களும் மணிக்கூண்டும் யூபிலியின் நினைவாய் நிற்பதை யாம் குறைகூறவில்லை. இக்கொப்பியும் அவற்றோடு நிற்கத் தக்கதே.

தொழிலின் பெயரால் அறிவை அளக்கும் பழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. நெய்தற் பாட்டுக்கு உருகி உரை சொல்லும் நாமே, நெய்தல் நிலத்துப் பிள்ளை தன் வீட்டுச் சொல்லை எழுதினாற் சிவப்பு மையை எடுக்கின்றோம். அப்பிள்ளை அன்றுமுதல் தன் கட்டுரைகளிற் 'தென்றல்' என்றே எழுதினான். கடலைப்பற்றி எழுதுவதையும் விட்டுவிட்டான். அதனைத் திருத்தம் என்று எண்ணி மகிழ்ந்திருந்தோம். அகராதியைப் பார்த்த பின்னும் அவனை அழைத்து ஒரு வார்த்தை சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

இன்று அவனும் இக்கல்லூரியின் பழைய மாணவன். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், குறைத்த இரண்டு புள்ளிகளையும் இதன்வாயிலாகத் திருப்பித் தருகின்றோம். அவன் எழுதியது சரி.