பிடியரிசிச் சங்கத்துக்கு ஒரு கதவு வேண்டும்

நெல்லைச் சீமையின் பழைய கிறிஸ்தவ ஊர்கள் சிலவற்றில், உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனியாகச் சேர்த்துவைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வாரக் கடைசியில் அது கோயிலுக்கு வரும். அந்தப் பக்கம் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வார்கள். அப்படியோர் ஊரில் பெண்கள் சங்கத்தின் கணக்கு நோட்டை ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து படித்தேன். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டுதான். அரிசி விற்ற பணம், யார் வீட்டுக்கு எத்தனை படி போனது, டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு வாரம் இரண்டு தடவை பஸ் செலவு, மாலை வகுப்புக்குச் சாக்பீஸ், ஒரு பல்பு. தேதி விடாமல் எழுதியிருந்தார்கள். அடித்துத் திருத்திய இடத்திலெல்லாம் இரண்டு பேர் கையெழுத்து.

அந்த மாலை வகுப்புக்கு எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள். காட்டு வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போன பெற்றோர் திரும்பும்வரை கோயில் திண்ணைதான் அவர்களுக்கு வீடு. அங்கே ஒரு கழிப்பறை வேண்டும், சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு மாதம் ஏதாவது ஒரு தொகை கொடுக்க வேண்டும். சங்கத்தின் ஆசை அவ்வளவுதான். உதவ முன்வந்தவர்களும் இருந்தார்கள். பதிவு உண்டா, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி உண்டா, மூன்று வருஷத் தணிக்கை அறிக்கை உண்டா என்ற கேள்விகளோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. இவற்றையெல்லாம் வாங்க என்ன ஆகும் என்று டவுனில் விசாரித்தபோது சொன்ன தொகை, பிடியரிசியில் ஓராண்டு முழுக்கச் சேர்வதைவிட அதிகம்.

“நாங்க ஒரு ரூவா திங்கலியே அண்ணாச்சி, பெறவு ஏன் இத்தன தாளு கேக்காவ?” என்று சங்கத் தலைவி என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் எந்தப் பக்கம் போனாலும் இப்படிப்பட்ட சிறு கூட்டங்களைப் பார்க்கலாம். அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி வசூலித்து, மிச்சப் பணத்தில் ஊருணியைத் தூர்வாரும் கமிட்டி. ஏழைகளின் வைத்தியச் செலவுக்குப் பைத்துல்மால் வைத்திருக்கும் ஜமாத். மகளிர் குழு, நற்பணி மன்றம். இது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கியபோது அதற்கு நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

ஆபத்து வரும்போது முதலில் வந்து நிற்பவர்கள் இவர்கள்தான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைப் புரட்டிப்போட்டது. எச்சரிக்கை வருமுன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களைப் பற்றி எவரிடமும் சரியான கணக்கு இல்லை. அரசு ஓர் எண்ணிக்கை சொன்னது, கரையிலிருந்தவர்கள் வேறொன்று சொன்னார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் பங்குத் தந்தையரும் ஊர்க் கமிட்டியும் மீனவர் சங்கங்களும் வீடு வீடாகக் கேட்டுக் காணாமல் போனவர்களின் பட்டியலைத் தயாரித்தார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். யார் எந்தப் படகில் போனார் என்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும், தலைநகரத்துக்குத் தெரியாது. மறுவருஷம் கஜா புயலின்போது டெல்டாவில் கோயில் மண்டபமும் பள்ளிவாசலும் மாதா கோயில் வளாகமும் சமையற்கூடங்களானதைக் கண்ணால் கண்டவர்கள் பலர் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்களிடம் வெளியிலிருந்து ஒரு சிறிய தொகை போய்ச் சேர்வதற்கான வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டு வருகின்றன. கிராமத் தன்னார்வ அமைப்புகளுக்கு மானியம் தருவதற்கென்றே 1986இல் கபார்ட் என்ற நிறுவனத்தை மத்திய அரசு தொடங்கியது. அதில் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் சிறிய அமைப்பு விண்ணப்பம் போட ஓர் இடம் இருந்தது. 2020இல் அதை ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனத்தோடு இணைத்துவிட்டார்கள். துர்காபாய் தேஷ்முக்கைத் தலைவராகக் கொண்டு 1953இல் பிறந்த மத்திய சமூக நல வாரியமும் இன்று இல்லை.

அதே 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று நன்கொடை வாங்கி, அனுமதி பெற்ற கிராம அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். எழுத்து வேலையைப் பெரியவர் பார்த்துக்கொள்வார், களவேலையைச் சின்னவர் செய்வார். திருத்தம் அந்தப் பகிர்வை முற்றாகத் தடுத்துவிட்டது. நேரடியாகப் பதிவு பெற வேண்டுமானால், மூன்று ஆண்டுகளில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்துக் காட்ட வேண்டும். கணக்கையோ புதுடில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்க வேண்டும். 15 லட்சத்தைப் பிடியரிசியில் சேர்க்க எத்தனை தலைமுறை ஆகும்? நாட்டின் பாதுகாப்புக்காக அந்நியப் பணத்தைக் கண்காணிப்பது அரசின் கடமை. அதை நான் மறுக்கவில்லை. பெரியவரா, சிறியவரா என்று பார்க்காமலேயே எல்லோரையும் ஒரே சல்லடையில் போட்டு அரித்ததுதான் தவறு.

உள்நாட்டுப் பணத்துக்கும் இதே நிலைமை. லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்ற கடமை பெரிய கம்பெனிகளுக்கு 2014 முதல் உண்டு. தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அந்தப் பணத்தை வாங்கும் சங்கத்துக்கு வருமான வரிப் பதிவு, 80ஜி, மூன்று ஆண்டு அனுபவம், கம்பெனி விவகார அமைச்சகத்தில் தனிப் பதிவு இத்தனையும் வேண்டும். விளைவு, ஆலையின் புகை விழும் ஊருக்கு, எங்கோ நகரத்திலிருக்கும் அமைப்பு வந்து திட்டம் நடத்திவிட்டுப் போகிறது.

சிறியவர்களுக்குத் தனி அளவுகோல் வைக்க முடியாது என்று அதிகாரிகள் சொல்லும்போது நான் ஒன்றை நினைவூட்டுவேன். ஆண்டு வருமானம் 5 கோடிக்கு மேற்படாத அறக்கட்டளைகளின் வருமான வரிப் பதிவுக் காலத்தை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக 2025 நிதிச் சட்டம் உயர்த்தியது. பெரியது வேறு, சிறியது வேறு என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதற்கு அர்த்தம். 5 கோடிக்கு ஒரு கோடு கிழிக்க முடிந்தால், 5 லட்சத்துக்கும் ஒன்று கிழிக்கலாம்.

மதத்தின் பெயரில் இயங்கும் அமைப்புக்குப் பொதுப்பணமா என்று சிலர் தயங்குவது நியாயம்தான். எந்த ஒரு மதத்தையும் வளர்ப்பதற்காக வரி வசூலிக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 27ஆவது பிரிவு. வழிபாட்டுக்குப் பணம் கேட்டு நான் இதை எழுதவில்லை. கழிப்பறைக்கும் மாலை வகுப்புக்கும் நோயாளியின் பஸ் செலவுக்கும் கேட்கிறேன். நம் ஊர்க் கமிட்டிகளைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பல கமிட்டிகளில் ஒரு சாதி ஆண்கள் மட்டுமே உட்காருகிறார்கள், காலனிக்காரர்களின் பெயர் வரிப் புத்தகத்திலேயே இருக்காது. எல்லாத் தெருவுக்கும் சேவை போகிறதா, பெண்களும் தலித்துகளும் நிர்வாகத்தில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உதவி தர வேண்டும். இந்த நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி எவர் கேட்டாலும் நான் அவர்கள் பக்கம் இல்லை.

என்ன செய்யலாம்? ஒவ்வொரு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் மாதம் இரண்டு நாள், சங்கப் பதிவுக்கும் கணக்கு எழுதவும் இலவசமாக உதவும் ஒருவரை உட்கார வைக்கலாம். வணிகவியல் படித்த கிராமத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். சிறு சங்கங்களுக்கென மாவட்ட ஆட்சியரிடம் ஒரு நிதி இருக்கட்டும், வட்டாரக் கம்பெனிகள் அதில் பணம் போடட்டும். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடுகிறது. கட்டடத்துக்குக் காட்டும் அந்தக் கணக்கை ஆசிரியையின் சம்பளத்துக்கும் காட்டலாமே. நோன்புக் கஞ்சிக்கு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி அனுப்பும் அரசுக்கு, சிறு கோயில்களின் ஒருகாலப் பூஜைக்கு வைப்பு நிதி போடும் அரசுக்கு, கிராமத்துத் திண்ணை தூரம் இல்லை. மத்திய அரசு, கடுமையான கணக்கு நிபந்தனைகளோடு, வெளிநாட்டு நன்கொடைப் பகிர்வுக்கு மீண்டும் வழிவிட வேண்டும்.

தணிக்கைக்கு என்ன வழி என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. 5 லட்சத்துக்குக் கீழே வரவு செலவு உள்ள சங்கம், தன் கணக்கை அங்கே உரக்க வாசிக்கட்டும். வாங்கியவரும் கொடுத்தவரும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். பொய் சொன்னால் அந்த இடத்திலேயே நாலு பேர் எழுந்துவிடுவார்கள். ஊராட்சிச் செயலர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிச் சான்று கொடுத்தால், சிறு உதவிக்கு அதுவே போதுமானதாக இருக்க வேண்டும். கணக்கை வாசிக்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு மாவட்ட ஆட்சியர் மனம் வைத்தால் வரும் ஜனவரி 26 கிராம சபையிலேயே தொடங்கலாம். அந்தப் பெண்கள் சங்கத்தில் நோட்டை எடுத்துவரத் தயாராக இருக்கிறார்கள். கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.