பழி பழைய கணினி மேல்

இன்றைக்குக் கணினிக் கதை. "நமக்கு எதுக்கு சார் இது?" என்று நகர்ந்துவிடாதீர்கள். பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் உறுப்பினர் கணக்கெல்லாம் ஒரு பழைய கணினிக்குள், ஒரு விர்ச்சுவல் மெஷினில் இருக்கிறது. சொந்த வீட்டுக்குள் வாடகைக்கு விட்ட போர்ஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓடிய சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. அல்மாலினக்ஸ் 9 போடலாம் என்று, பழைய போர்ஷனின் அமைப்பையே நகலெடுத்து இன்னொன்று திறந்தேன். கிளம்பவே இல்லை. இந்த சிபியு எக்ஸ்86-64-வி2-வை ஆதரிக்காது என்று ஒரு வரி வந்தது, அதோடு சரி.

கடைக்காரர் வந்து பார்த்தார். "மெஷின் பழசு சார். புதுசு வாங்கிடுங்க" என்றார். செயற்குழுவும் தலையாட்டிவிட்டது. சந்தாப் பணம் ஆயிற்றே, எனக்கு மனசு ஒப்பவில்லை. வி2 கேட்கும் வசதிகள் 2009 வாக்கில் வந்த சிப்களிலேயே உண்டு. எங்களுடையது 2013-இல் வந்த நான்காம் தலைமுறை ஐ5.

ஓடிக்கொண்டிருந்த பழைய போர்ஷனுக்குள் போய் எல்எஸ்சிபியு என்று தட்டினேன். ஐ5 என்று வரவில்லை. 'காமன் கேவிஎம் பிராசசர்' என்று வந்தது! உள்ளே இருப்பவருக்கு எந்த சிபியுவைக் காட்டுவது என்பதற்கு ஓர் அமைப்பு உண்டு. என்றைக்கோ நானே போட்ட கேவிஎம்64 அதில் அப்படியே கிடந்தது. எஸ்எஸ்இ4.2 போன்ற வசதிகளை அது உள்ளே காட்டாது. 'ஹோஸ்ட் பாஸ்த்ரூ' என்று மாற்றி, விர்ச்சுவல் மெஷினை முழுக்க அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். வெறும் ரீஸ்டார்ட் போதாது. கிளம்பிவிட்டது. காலணா செலவில்லை.

குறைத்துக் காட்டுவதிலும் நியாயம் உண்டு. பெரிய அலுவலகங்களில், ஓடுகிற விர்ச்சுவல் மெஷினை நிறுத்தாமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றுவார்கள். சர்வர்கள் ஒரே ரகமாக இருக்காது என்பதால், எல்லாவற்றுக்கும் பொதுவானதை மட்டும் காட்டுவார்கள். ஒற்றைக் கணினி வைத்திருக்கும் நமக்கு அது எதற்கு?

என் கட்சி இதுதான்: சிபியு போதாது என்று திரை சொன்னால், காசோலை எழுதுமுன், அது எந்த சிபியுவைப் பார்த்துச் சொல்கிறது என்று கேளுங்கள். வயதைக் கேட்டதுமே 'இனி ஆகாது' என்று ஒதுக்கினால் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாததா?